ஸ்டேஷன் பாத்ரூமில் வழுக்கி விழுந்தவர்கள்: போலீஸ் குறிப்பைப் படிக்கும் முறை

தமிழ்நாட்டு போலீஸ் ஸ்டேஷன் பாத்ரூம்களைப் போல வழுக்குகிற தரை உலகத்தில் வேறெங்கும் இருக்காது. செயின் பறித்தவன், அரிவாளோடு ரீல்ஸ் போட்டவன், கஞ்சா விற்றவன் என்று யார் உள்ளே போனாலும் வழுக்கி விழுகிறார்கள். விழுந்தால் கையோ காலோ கட்டாயம் முறிகிறது. மறுநாள் மாவுக்கட்டோடு போட்டோ வருகிறது. நாமும் சிரித்துக்கொண்டே அதை நாலு பேருக்கு அனுப்புகிறோம்.

நான் மதுரையில் ஒரு நாளிதழின் டெஸ்க்கில் இருந்து ஓய்வு பெற்றவள். எஸ்.பி. ஆபீஸ் பிரஸ் நோட்டு ஃபேக்ஸில் வந்த காலத்திலிருந்து வாட்ஸ்அப் குரூப்பில் வரும் காலம்வரை, அதைச் செய்தியாக மாற்றிக் கொடுப்பதுதான் என் பிழைப்பு. ஒன்றைச் சொல்லிவிட வேண்டும்: அந்தக் குறிப்புகளில் பெரும்பாலானவை நம்பத் தகுந்தவை. திருட்டுப் போன பைக்கைப் பற்றிப் பொய் சொல்லி யாருக்கு என்ன லாபம்? போலீஸ்காரரே கதைக்குள் ஒரு பாத்திரமாக வரும் குறிப்பைத்தான் வேறு மாதிரிப் படிக்க வேண்டும். நிருபர் வேலைக்கு வந்திருக்கும் பிள்ளைகள் இதைக் கேட்கிறார்கள். ஸ்டேஷனுக்குப் போன உறவினரைப் பற்றி விளங்காத தகவலோடு நிற்கும் குடும்பங்களும் கேட்கின்றன. இரண்டு பேருக்கும் சேர்த்து எழுதுகிறேன்.

முதலில், கையில் இருப்பது எந்த வகைப் பொய் என்று பாருங்கள். மறைக்கிற பொய் ஒன்று, காட்டுகிற பொய் ஒன்று. மறைக்கிற பொய்யை நீங்கள் நம்பியாக வேண்டும். நம்பாவிட்டால் அதைச் சொன்னவருக்கு வேலை போகும், ஜெயிலும் வரலாம். பாத்ரூம் கதை அப்படியில்லை. யாரும் அதை நம்ப வேண்டும் என்று சொல்கிறவரே எதிர்பார்ப்பதில்லை. “நாங்க என்ன எழுதுறோமோ அதுதான் நடந்தது, உன்னால என்ன பண்ண முடியும்?” என்பதுதான் அதன் அர்த்தம். மறைக்கிற பொய்யை உடைக்க ஆவணம் போதும். காட்டுகிற பொய்யை உடைக்க வேண்டியதே இல்லை. சிரிக்காமல், அதைத் திரும்பச் சொல்லாமல் இருக்கத் தெரிய வேண்டும். அதை எப்படி எழுதுவது என்று பின்னால் சொல்கிறேன். இனி வருவது மறைக்கிற வகையைப் பற்றி.

வேலையில்லாத வரியைத் தேடுங்கள்

குறிப்பு வந்ததும் அதை முழுசாக எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வாட்ஸ்அப் என்றால் ஸ்கிரீன்ஷாட், வந்த நேரம் தெரிகிற மாதிரி. அரை மணி நேரத்தில் அழித்துவிட்டு “திருத்தப்பட்டது” என்று இன்னொன்று போடுவார்கள். இரண்டுக்கும் நடுவில் மாறிய வார்த்தைதான் உங்களுக்குத் தேவை.

பிறகு ஒவ்வொரு வரிக்கும் ஒரே கேள்வி: இந்த வரிக்கு இங்கே என்ன வேலை?

தூத்துக்குடி மாவட்டத்துச் சாத்தான்குளத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 2020 ஜூன் 19, ஊரடங்கு காலம். குடும்பமாகச் செல்போன் கடை நடத்திய ஜெயராஜை போலீஸ் கூட்டிப் போனது. பின்னாலேயே போனார் மகன் பென்னிக்ஸ். எஃப்.ஐ.ஆர். சொன்ன கதை: கடையை நேரத்தோடு அடைக்கவில்லை, கேட்ட போலீஸைத் திட்டினார்கள், தரையில் உருண்டு புரண்டார்கள், அதில் அவர்களுக்கு ஊமைக்காயம் ஏற்பட்டது. ஜூன் 22 இரவு பென்னிக்ஸ் இறந்தார். மறுநாள் காலையில் ஜெயராஜ்.

கடை அடைக்கவில்லை என்ற வழக்குக்கு, அடைக்காதவர் உடம்பில் காயம் எப்படி வந்தது என்ற வரி எதற்கு? வெளியே யாரும் அதைக் கேட்காத நேரம் அது. இருவரும் உயிரோடு இருந்த நேரம். கேட்காத கேள்விக்கு ஒருவர் பதில் எழுதி வைக்கிறார் என்றால், அந்தக் கேள்வி வரப்போகிறது என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. அதிலும் ஊமைக்காயம்: வெளியே தெரியாது, தெரிந்தாலும் தானாக வந்தது. காயத்தை முந்திக்கொண்டு விளக்கும் வரி எந்தக் குறிப்பில் இருந்தாலும் அதற்கடியில் கோடு போடுங்கள்.

2025 ஜூனில் திருப்புவனம் பக்கத்தில் மடப்புரம் கோயில் காவலாளி அஜித்குமார் விசாரணையில் இறந்தபோதும் அதே மாதிரி வரி வந்தது. தப்பி ஓடப் பார்த்தார், விழுந்தார், வலிப்பு வந்தது. பிறகு அவரை அடிக்கிற வீடியோ வெளியானது. பிரேதப் பரிசோதனையில் 44 காயங்கள் எண்ணப்பட்டன. வலிப்பு, நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், தப்ப முயற்சி, சுவர் ஏறிக் குதித்தல்: இந்தப் பட்டியல் அலுத்துப்போகிற அளவுக்குச் சின்னது. புதுசாக யோசிக்கக்கூட யாருக்கும் நேரமிருப்பதில்லை.

செய்தவர் யார் என்றே இல்லாத வாக்கியங்களையும் குறித்துக்கொள்ளுங்கள். “தள்ளுமுள்ளு ஏற்பட்டது”, “துப்பாக்கிச்சூடு நடந்தது” என்று வரும். அந்தக் குறிப்பிலேயே பைக் திருடியவனுக்கு மட்டும் பெயர், அப்பா பெயர், வயது, தெரு எல்லாம் இருக்கும்.

நேரத்தை ஒரே தாளில் எழுதுங்கள்

ஒரு வெள்ளைத்தாளை எடுத்து இடது பக்கம் நேரம், நடுவில் என்ன நடந்தது, வலது பக்கம் எந்த ஆவணம் அதைச் சொல்கிறது என்று மூன்று பத்தி போடுங்கள். கம்ப்யூட்டர் வேண்டாம், கையால் எழுதினால்தான் ஓட்டை கண்ணில் படும்.

ஒருவர் ஸ்டேஷனுக்குள் போனால் அவரைச் சுற்றிக் காகிதம் சேர்ந்துகொண்டே போகும். எஃப்.ஐ.ஆர். இருக்கும். 2016-ல் உச்ச நீதிமன்றம் சொன்னபடி, பாலியல் குற்றம் போன்றவை தவிர மற்ற எஃப்.ஐ.ஆர்.களைப் பொதுவாக 24 மணி நேரத்தில் இணையத்தில் ஏற்ற வேண்டும். தமிழ்நாடு காவல்துறைத் தளத்தில் தேடலாம். கைது குறிப்பாணை இருக்கும். டி.கே. பாசு வழக்கில் 1996-ல் வந்த தீர்ப்பின்படி அதில் நேரமும் தேதியும் வேண்டும், குடும்பத்தாரோ ஊர்க்காரர் ஒருவரோ சாட்சிக் கையெழுத்துப் போட்டிருக்க வேண்டும். ஸ்டேஷன் ரைட்டர் எழுதும் ஜி.டி. என்கிற பொது நாட்குறிப்பு, ரிமாண்டுக்கு முன் டாக்டர் கொடுக்கும் உடல்தகுதிச் சான்று, ரிமாண்டு ரிப்போர்ட், சிறைச் சேர்க்கைப் பதிவேடு, ஆஸ்பத்திரிக்குப் போனால் ஏ.ஆர். காப்பி என்கிற விபத்துப் பதிவேட்டு நகல், கடைசியில் போஸ்ட்மார்ட்டம் ரிப்போர்ட்.

இவற்றை எழுதுகிறவர்கள் வெவ்வேறு துறை. ஒருவருக்காக இன்னொருவர் கொஞ்சம் வளைந்து கொடுக்கலாம், தன் தலைக்கு வருகிறவரை. அதனால் துறை மாறுகிற இடத்தில்தான் கதை கிழியும். குறிப்பாக சிறை. காயத்தோடு வருகிறவரை அப்படியே வாங்கிக்கொண்டால் நாளைக்குச் சிறைக்காரர் தலையில் விழும். அதனால் உடம்பைப் பார்த்து இருப்பதை எழுதிவிடுவார்கள். சாத்தான்குளத்தில் இருந்து கோவில்பட்டி கிளைச் சிறைக்கு இருவரும் கொண்டுபோகப்பட்டபோதும் காயங்கள் அங்கே பதிவாயின. சான்று கொடுத்த டாக்டரும் ரிமாண்டு செய்த மாஜிஸ்திரேட்டும் பார்க்காததைச் சிறையில் பார்த்திருக்கிறார்கள்.

ஏ.ஆர். காப்பி கிடைத்தால் முதலில் எப்படி அடிபட்டது என்று எழுதியிருக்கும் பகுதியைப் பாருங்கள். அது டாக்டர் கண்ட உண்மை அல்ல, யாரோ சொன்னது. யார் கூட்டி வந்தார் என்ற பத்தியில் ஒரு கான்ஸ்டபிள் பெயர் இருந்தால் சொன்னவர் யாரென்று தெரிந்துவிடும். கதையை விட்டுவிட்டு அதற்குக் கீழே காயங்களின் இடத்தைப் படியுங்கள். விழுந்தவருக்கு எலும்பு துருத்தி நிற்கும் இடத்தில் அடிபடும்: முழங்கை, முழங்கால், உள்ளங்கை, நெற்றி. சும்மா வழுக்கி விழுந்தவருக்கு உள்ளங்காலிலும் பின்பக்கத்துச் சதை முழுக்கவும் அடிபடுவது அபூர்வம். லத்தி போன்ற உருண்டைக் கம்பு பட்டால் நடுவில் வெளுத்து இரண்டு பக்கமும் கோடு கோடாகக் கன்றிப்போகும். போஸ்ட்மார்ட்டம் ரிப்போர்ட்டில் இணைகோட்டுக் கன்றல் என்கிற பொருளில் எழுதியிருந்தால் அதுதான்.

இங்கே ஒரு எச்சரிக்கை. நேரம் ஒத்துப்போகவில்லை என்றவுடன் பொய் என்று துள்ளாதீர்கள். ஸ்டேஷன் ரைட்டருக்கு ஆயிரம் வேலை. ராத்திரி உட்கார்ந்து நாள் முழுசுக்கும் சேர்த்து எழுதுவார், எட்டே முக்கால் ஒன்பதாகும், தெருப் பெயர் மாறும். நான் பார்க்கும் முறை இது: சாதாரணப் பிழை எல்லாப் பக்கமும் விழும், சிலது எழுதினவருக்கே பாதகமாகக்கூட இருக்கும். தாளில் இருக்கும் பிழை எல்லாம் வரிசையாக ஒரே ஆளைக் காப்பாற்றினால்தான் சந்தேகப்பட வேண்டும். இதே சோதனையைக் குடும்பத்தார் சொல்வதற்கும் போடுங்கள். இறந்தவர் ஈ எறும்புக்குக்கூடத் தீங்கு நினைக்காதவர் என்றுதான் வீட்டில் சொல்வார்கள். அவர் நல்லவரா என்பது இந்த விஷயத்துக்குச் சம்பந்தமே இல்லாதது. கெட்டவரையும் அடித்துக் கொல்லக் கூடாது.

அடுத்த கடை கேமரா

சாத்தான்குளத்தில் எஃப்.ஐ.ஆரை முதலில் கவிழ்த்தது பக்கத்துக் கடையின் சி.சி.டி.வி. உருளலும் இல்லை, புரளலும் இல்லை. அவர்கள் பாட்டுக்குப் போகிறார்கள். ஸ்டேஷன் கேமராவோ வேறு கதை. உயர் நீதிமன்ற மதுரைக் கிளை அனுப்பிய கோவில்பட்டி மாஜிஸ்திரேட் போய்ப் பார்த்தபோது, ஹார்டு டிஸ்கில் 1 டி.பி. இடம் இருந்தும் பதிவுகள் தினமும் தானாக அழியும்படி செட்டிங் வைத்திருந்தது தெரிந்தது. ஜூன் 19-ன் காட்சி இல்லை. அந்த மாஜிஸ்திரேட்டிடமே ஒரு கான்ஸ்டபிள் மரியாதையில்லாமல் பேசினார். தடயத்தைக் காப்பாற்ற ஸ்டேஷனையே வருவாய்த்துறை பொறுப்பில் விட நீதிமன்றம் உத்தரவிட்டது. காட்டுகிற பொய்க்கும் மறைக்கிற பொய்க்கும் நடுவில் கோடு எவ்வளவு மெல்லியது என்பதற்கு அந்த ஒரு நாள் போதும்.

எனவே தகவல் வந்த அன்றைக்கே தெருவில் இறங்குங்கள். கடை கேமராக்களின் பதிவுப் பெட்டியில், அதாவது டி.வி.ஆரில், பழையதன் மேல் புதியது பதிவாகிக்கொண்டே இருக்கும். டிஸ்க் சின்னதென்றால் ஒரு வாரம் தாங்காது. முதலாளியிடம் “போலீஸுக்கு எதிரா” என்று ஆரம்பித்தால் ஷட்டரை இறக்கிவிடுவார். அந்த நேரத்துப் பதிவை அழிக்காமல் தனியாக எடுத்து வைக்க மட்டும் கேளுங்கள், கொடுப்பதைப் பற்றிப் பிறகு பேசலாம். டி.வி.ஆர். கடிகாரம் எத்தனை நிமிடம் முன்னே பின்னே ஓடுகிறது என்று உங்கள் போனோடு ஒப்பிட்டு எழுதிக்கொள்ளுங்கள். பல பேர் விட்டுவிடும் வேலை இது. பின்னால் குறுக்கு விசாரணையில் முதல் அடி இங்கேதான் விழும்.

யாராவது போனில் எடுத்திருந்தால் அந்த போனே முக்கியம். வாட்ஸ்அப்பில் சும்மா அனுப்பினால் தரம் குறையும், எப்போது எடுத்தது என்ற தகவலும் போய்விடும். டாக்குமெண்டாக அனுப்பச் சொல்லுங்கள், மூலத்தை அழிக்க வேண்டாம் என்று திரும்பத் திரும்பச் சொல்லுங்கள். ஸ்டேஷன் கேமராவுக்கு 2020 டிசம்பரில் பரம்வீர் சிங் சைனி வழக்கில் உச்ச நீதிமன்றம் விதி போட்டிருக்கிறது: எல்லா ஸ்டேஷனிலும் கேமரா, ஒலியோடு, 18 மாதம் வரை பதிவு, அவ்வளவு திறன் உள்ள கருவி கிடைக்காவிட்டாலும் ஒரு வருடத்துக்குக் குறையக்கூடாது. “ரிப்பேர்” என்று பதில் வந்தால், எந்தத் தேதியில் பழுது, யாருக்குப் புகார் எழுதினீர்கள், அந்தக் கடித நகல் எங்கே என்று கேளுங்கள்.

உள்ளே இருக்கும் ஒருவர்

காவல்துறையைப் போல ஒன்றாகச் சாப்பிட்டு, ஒன்றாக பந்தோபஸ்து நின்று, ஒன்றாகத் திட்டு வாங்கும் கூட்டத்தில் ஒருவர் மாற்றிச் சொல்வது லேசான காரியம் அல்ல. நம் ஆள், நாமே காட்டிக் கொடுக்கலாமா என்கிற உணர்வு கெட்டவர்களுக்கு மட்டும் இருப்பதில்லை. நல்லவர்களை அது இன்னும் இறுக்கமாகப் பிடிக்கும். அதனால் அதிகாரியிடம் போய் உண்மையைச் சொல்லுங்கள் என்று கேட்பதில் பலன் குறைவு. சாத்தான்குளத்தில் ராத்திரி முழுக்க அடித்தார்கள், லத்தியிலும் மேசையிலும் ரத்தம் இருந்தது என்று மாஜிஸ்திரேட்டிடம் சொன்னது அன்று பணியில் இருந்த ஒரு பெண் தலைமைக் காவலர். வெளியே சக போலீஸ்காரர்கள் நின்றுகொண்டிருக்க, பயந்துகொண்டேதான் சொன்னார். அப்படிப்பட்டவர் இருக்கிறார் என்று தெரிந்தால், நீங்கள் போய் மைக்கை நீட்டாதீர்கள். அவர் பேச வேண்டிய இடம் நீதிபதி முன்னால். உங்கள் வேலை அவர் பெயர் அதுவரை வெளியே வராமல் பார்த்துக்கொள்வது.

வாக்குமூலம் கிடைத்தால் இன்னொன்று கேளுங்கள்: இதுதான் அவர் முதலில் எழுதிய படியா? இங்கிலாந்தில் ஷெஃபீல்டு நகரத்து ஹில்ஸ்பரோ மைதானத்தில் 1989 ஏப்ரல் 15 அன்று லிவர்பூல் கால்பந்து அணியின் ரசிகர்கள் நெரிசலில் நசுங்கினார்கள்; சாவு கடைசியில் 97. வெளியேறும் கதவைத் திறக்கச் சொன்னது பாதுகாப்புப் பொறுப்பில் இருந்த போலீஸ் அதிகாரி. ரசிகர்கள் உடைத்துக்கொண்டு வந்தார்கள் என்று அவரே கால்பந்துச் சங்கத்தாரிடம் சொன்னார். தான் சொன்னது பொய் என்று அவர் சாட்சிக் கூண்டில் ஒத்துக்கொண்டது 2015-ல். அங்கே பணியில் இருந்த போலீஸ்காரர்கள் எழுதிய வாக்குமூலங்களில் 164-ஐப் பெரிய அளவில் திருத்தியிருந்தார்கள், அதில் 116-ல் போலீஸ் தரப்பைக் குறை சொன்ன வரிகள் நீக்கப்பட்டோ மாற்றப்பட்டோ இருந்தன என்று 2012-ல் வந்த சுயேச்சைக் குழு அறிக்கை சொன்னது. கீழே இருந்தவர்கள் அன்று உண்மையைத்தான் எழுதியிருக்கிறார்கள். மேசைக்கு மேசை போகும்போதுதான் அது தேய்ந்திருக்கிறது.

டெஸ்க்கில் இருந்தவள் என்பதால் அதில் எனக்கு மறக்காத பகுதி வேறு. இறந்தவர்களின் பாக்கெட்டில் ரசிகர்கள் கை விட்டார்கள் என்ற கதையை, விபத்து நடந்த நாலாம் நாள் ‘தி சன்’ பத்திரிகை முதல் பக்கத்தில் ‘உண்மை’ என்று தலைப்புக் கொடுத்துப் போட்டது. லிவர்பூலில் இன்றைக்கும் அந்தப் பேப்பரைத் தொடாதவர்கள் நிறைய. எந்தத் தலைப்பு வைத்தாலும் அந்தத் தலைப்பை மட்டும் நான் வைத்ததில்லை.

பொய் மேலே ஏறும்போது இன்னொன்றும் நடக்கும். இன்ஸ்பெக்டர் சொன்னதை டி.எஸ்.பி., அவர் சொன்னதை எஸ்.பி., கடைசியில் கோட்டையில் இருந்து அறிக்கை. பென்னிக்ஸுக்கு மூச்சுத்திணறல், ஜெயராஜுக்கு உடல்நலக் குறைவு என்றுதான் அன்றைய முதலமைச்சரின் அறிக்கையும் சொன்னது. மேலே இருப்பவர் சொன்னதால் அது இரண்டாவது ஆதாரம் ஆகிவிடாது. எத்தனை வாயில் வந்தாலும் ஊற்று ஒன்றுதான். “இது உங்களுக்கு எந்த அறிக்கையில் வந்தது, தேதி என்ன?” என்று மட்டும் கேட்டுப் பதிலைக் குறித்துக்கொள்ளுங்கள்.

ஆர்.டி.ஐ. போடும்போது

காரணம் கேட்காதீர்கள், காகிதம் கேளுங்கள். “ஏன் அடித்தீர்கள்” என்பதற்குத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பதில் கிடையாது. “இந்தத் தேதி மாலை 6 மணி முதல் மறுநாள் காலை 10 மணி வரை பொது நாட்குறிப்பின் சான்றிட்ட நகல்” என்றால் கொடுக்கிறேன் அல்லது மாட்டேன் என்று எழுதியே ஆக வேண்டும். கட்டணம் 10 ரூபாய், கோர்ட் ஃபீ ஸ்டாம்பு ஒட்டலாம். பதிலுக்கு 30 நாள். ஒருவரின் உயிர் அல்லது சுதந்திரம் சம்பந்தப்பட்டது என்றால் 48 மணி நேரம், அந்த வரியை மனுவின் தலையிலேயே எழுதுங்கள். விசாரணை பாதிக்கும் என்று 8(1)(h) பிரிவைக் காட்டி மறுப்பார்கள். எப்படிப் பாதிக்கும் என்று விளக்காத மறுப்பு செல்லாது என்று 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு போடுங்கள். ஸ்டேஷனுக்கு ஒன்று, சிறைக்கு ஒன்று, ஆஸ்பத்திரிக்கு ஒன்று எனத் தனித்தனியாகப் போடுவது நல்லது. மூன்று பதிலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் பழைய வெள்ளைத்தாளில் காலியாக இருந்த இடங்கள் நிரம்பும்.

காவலில் சாவு என்றால் குடும்பம் தெரிந்துகொள்ள வேண்டியது: முன்பு குற்ற விசாரணை முறைச் சட்டத்தில் 176(1A), இப்போது அதற்குப் பதிலாக வந்த பி.என்.எஸ்.எஸ். சட்டத்தில் 196(2). நீதித்துறை மாஜிஸ்திரேட்தான் விசாரிக்க வேண்டும், வருவாய்க் கோட்டாட்சியரான ஆர்.டி.ஓ. மட்டும் போதாது. மாவட்ட நிர்வாகம் 24 மணி நேரத்துக்குள் தேசிய மனித உரிமை ஆணையத்துக்குத் தகவல் சொல்ல வேண்டும் என்பது 1993 முதல் உள்ள நடைமுறை. வெள்ளைத்தாளில் கையெழுத்து கேட்டாலோ, பெரிய மனுஷர்கள் பையோடு சமாதானம் பேச வந்தாலோ, வக்கீல் வரட்டும் என்ற ஒரு வார்த்தையோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

எழுதும்போது

“என்று போலீஸார் தெரிவித்தனர்” என்று கடைசியில் ஒட்டிவிட்டால் கடமை முடிந்தது என்று டெஸ்க்கில் ஒரு நம்பிக்கை உண்டு. படிப்பவர் மனதில் கதைதான் நிற்கும், கடைசி இரண்டு வார்த்தை நிற்காது. எதில் தகராறு இல்லையோ அதை முதலில் போடுங்கள்: “விசாரணைக்காக போலீஸ் கூட்டிச் சென்ற வியாபாரி காவலில் இறந்தார்.” போலீஸ் தரும் காரணத்தைப் போடும் அதே வாக்கியத்தில், அதற்கு மாறாக இருக்கும் ஆவணத்தையும் போடுங்கள், இரண்டு பத்தி தள்ளி வைத்தால் இடம் போதவில்லை என்று யாரோ வெட்டிவிடுவார்கள். ஊமைக்காயம், வலிப்பு எதுவும் தலைப்பில் வேண்டாம்.

பாத்ரூம் கதைக்கும் இதேதான். “தப்ப முயன்ற ரவுடிக்கு மாவுக்கட்டு” என்பது அவர்கள் எழுதிய தலைப்பு. “போலீஸ் காவலில் இருந்தவருக்குக் கை முறிவு” என்று எழுதுங்கள். விழுந்தார் என்கிறார்கள் என்பது இரண்டாவது வரி. கட்டுப் போட்ட போட்டோவை யார் எடுத்து யார் அனுப்பினார்கள் என்பது மூன்றாவது வரி. அது ஸ்டேஷனுக்குள் எடுத்த படம் என்றால் அதையும் சொல்லுங்கள். இப்படி எழுதினால் மறுநாள் போன் வரும், உங்களை மட்டும் குரூப்பில் இருந்து நீக்குவார்கள், கொஞ்ச நாளைக்கு ஸ்டேஷனில் டீ கிடைக்காது.

பிறகு வழக்கு எண்ணை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். இ-கோர்ட்ஸ் தளத்தில் அதைப் போட்டால் அடுத்த வாய்தா தேதி வரும். முதல் நாள் கூட்டமாக வந்த கேமராக்கள் நாலாவது வாய்தாவுக்கு வராது. அந்தப் பழைய பிரஸ் நோட்டின் ஸ்கிரீன்ஷாட்டையும் கையில் எடுத்துக்கொண்டு போங்கள். அதை எழுதியவர் கூண்டில் ஏறும் நாளில், அன்று என்ன எழுதினார் என்று வரி வரியாக வைத்துப் பார்க்கத் தேவைப்படும்.